டேபிள் டாப்பும் கப்பும்: சிஎஸ்கே ரசிகனாவே சொல்றேன், அடிக்க வராதீங்க

த்ரெட் கொஞ்சம் நீளம். கிரிக்கெட் பிடிக்காதவங்க மியூட் பண்ணிக்கலாம். சுகர் இருக்கறவங்க மட்டும் தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

மயிலாப்பூர் க்ளினிக்குக்குப் பல வருஷமா வர்ற ஒரு பெரியவர். (அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன்.) போன வாரம் உள்ள வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. ரிப்போர்ட்டை மேஜை மேல வச்சு, "ஃபைனல் அடிச்சாச்சு டாக்டர்" என்றார். வெறும் வயித்துல 112. அழகான நம்பர்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினா மூணு மாச சராசரி, ஹெச்பிஏ1சி, 8.9.

"சார், என்ன பண்ணீங்க?" "டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் அரிசி தொடல. ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லி. அவ்வளவுதான்." அதுக்கு முந்தின 88 நாள்? "லீக்ல எப்படி ஆடினா என்ன டாக்டர், நாக்கவுட்ல ஜெயிக்கணும். நம்ம தல மாதிரி." போன தடவையும் இதே மாதிரி ஒரு நல்ல நம்பர் வந்ததுனால, ராத்திரி மாத்திரையை அவரே நிறுத்தியிருக்கார். கால் கட்டை விரல்ல செருப்பு உரசின ஒரு புண். மூணு வாரமா ஆறல. அதை அவர் சொல்லல. நான் செருப்பைக் கழட்டச் சொன்னப்புறம்தான் பாத்தேன்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து போனைத் திறந்தா டைம்லைன்ல அதே வசனம். "டேபிள் டாப் பண்றவன் கப் அடிக்கமாட்டான், ரெண்டாவது வர்றவன்தான் அடிப்பான், சிஎஸ்கேவுக்குத் தெரிஞ்ச ரகசியம் இது." ஆயிரக்கணக்குல லைக். அதுக்குத்தான் இந்த த்ரெட்.

முதல்ல கணக்கு. 2008 முதல் 2025 வரை 18 ஐபிஎல் சீசன். லீக்ல முதலிடம் பிடிச்ச டீம் கப் ஜெயிச்சது 6 தடவை: 2008 ராஜஸ்தான், 2017, 2019, 2020 மும்பை, 2022 குஜராத் டைட்டன்ஸ், 2024 கொல்கத்தா. ரெண்டாவது வந்த டீம் 9 தடவை. மூணாவது 2 தடவை, 2010ல நாம, 2016ல ஹைதராபாத். நாலாவது ஒரே ஒரு தடவை, 2009 டெக்கான் சார்ஜர்ஸ்.

ஒன்பது பெரிசா, ஆறு பெரிசா? "அப்போ ரெண்டாவது வர்றதுதான் ராசி" என்று இதிலேர்ந்துதான் கிளம்புறாங்க. நம்ம ஊர்ல எட்டாம் நம்பர் வண்டி வாங்கமாட்டேன்னு சொல்றவங்களுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

ஏன்னா 2011லேர்ந்து ப்ளேஆஃப் அமைப்பே மாறிடுச்சு. முதல் ரெண்டு டீமும் குவாலிஃபயர் ஒன்ல மோதும். ஜெயிச்சா நேரா ஃபைனல், தோத்தாலும் குவாலிஃபயர் டூ என்று இன்னொரு உயிர். முதலாவதுக்கும் ரெண்டாவதுக்கும் அமைப்புல ஒரு ஓட்டைப் பைசா வித்தியாசம் கிடையாது. ரெண்டு பேருக்கும் ஒரே பாதை.

இன்னொண்ணு. 2013, 2018, 2019, 2025 இந்த நாலு சீசன்லயும் முதல் ரெண்டு டீமும் ஒரே பாயிண்ட். யாரு முதல்ல என்பதை நெட் ரன் ரேட்தான் பிரிச்சுது. 2013ல நாமளும் மும்பையும் ஆளுக்கு 22. 2025ல பஞ்சாபும் ஆர்சிபியும் ஆளுக்கு 19. எங்கேயோ ஏப்ரல் மாசம் ஒரு மேட்ச்ல யாரோ ரெண்டு ஓவர் முன்னாடி சேஸ் முடிச்சதாலே ஒருத்தன் "டாப்பர்", ஒருத்தன் "ராசிக்காரன்". அந்த நாலுல மூணு தடவை ரெண்டாவது டீம் ஜெயிச்சுது. ஒன்பதுல மூணு இப்படியே கரைஞ்சு போச்சு.

இப்போ ஒரு சின்ன விளையாட்டு. ப்ளேஆஃப்ல மேட்ச் ஆடவே வேண்டாம், ஒவ்வொரு மேட்சுக்கும் டாஸ் மட்டும் போடுவோம். தலை விழுந்தா இவன், பூ விழுந்தா அவன். அப்போ முதலிடத்து டீம் கப் அடிக்க வாய்ப்பு 37.5 சதவீதம். ரெண்டாவதுக்கும் அதே 37.5. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் 12.5, 12.5. பேப்பர்ல போட்டுப் பாருங்க, பத்தாங்கிளாஸ் கணக்குதான்.

2011லேர்ந்து 2025 வரைக்கும் 15 சீசன். டாஸ் போட்டிருந்தா டாப்பருக்கு அஞ்சு, அஞ்சரை கப் வந்திருக்கணும். நிஜத்துல வந்தது 5.

திரும்பப் படிங்க. ரெண்டு மாசம் வெயில்ல 14 மேட்ச் ஆடி முதலிடம் பிடிச்ச டீம், அதுக்கப்புறம் டாஸ் போட்டா என்ன ஆகுமோ அதேதான் ஆகியிருக்கு.

"அப்போ டேபிளுக்கு அர்த்தமே இல்லையா டாக்டர்?" இருக்கு. அதுக்குத்தான் வரேன். டாப்பர் நிஜமாவே கொஞ்சம் பலமான டீம், ஒவ்வொரு மேட்சும் ஜெயிக்க 60 சதவீதம் வாய்ப்பு என்று வச்சுக்கிட்டாக்கூட கப் அடிக்க வாய்ப்பு 50 சதவீதம்தான் ஆகுது. 15 சீசன்ல ஏழு, ஏழரை. வந்தது 5. இத்தனை சின்ன சாம்பிளை வச்சு அஞ்சுக்கும் ஏழரைக்கும் நடுவுல எந்த முடிவுக்கும் வரமுடியாது. பதினஞ்சு பேஷண்ட்டை வச்சு ஒரு மருந்து வேலை செய்யுது, செய்யலன்னு எவனாவது எழுதினா நான் அந்தப் பேப்பரை மடிச்சு பஜ்ஜிக்கு எண்ணெய் ஒத்த வச்சுக்குவேன்.

ஆனா அஞ்சு வீரர்கள் படத்தைப் போட்டு "நாக்கவுட் டெம்பரமெண்ட்" என்று வீடியோ போடுறவங்களுக்கு பதினஞ்சுகூட வேண்டாம். ஒரு ராத்திரி போதும்.

சரி, சிஎஸ்கேவுக்கே வருவோம். சேப்பாக்கத்துல வெயில்ல தோல் உரிஞ்சவன் நான், இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு.

நமக்கு ப்ளேஆஃப் மந்திரம் தெரியும்னா, 2013லயும் 2015லயும் நாமதான் டேபிள் டாப்பர். ரெண்டு ஃபைனலும் ஈடன் கார்டன்ஸ், ரெண்டுலயும் எதிர்ல மும்பை, ரெண்டுலயும் தோத்தோம். 23 ரன், 41 ரன். அப்போ மந்திரம் எங்க போச்சு? அதே கேப்டன், ஏறக்குறைய அதே ஆளுங்க.

மொத்தம் 10 ஃபைனல் ஆடியிருக்கோம். ஜெயிச்சது 5, தோத்தது 5. டாஸ் போட்டா இதைவிடச் சரியா வராது. 2019ல கடைசி பால்ல ஒரு ரன்ல தோத்தோம். வாட்சன் முழங்கால்ல ரத்தத்தோட 80 அடிச்ச மேட்ச். மலிங்கா அந்தக் கடைசி பாலை ஒரு இஞ்ச் வெளிய போட்டிருந்தா 6-4 ஆகியிருக்கும், நாம அதுக்கு ஒரு தத்துவம் எழுதியிருப்போம். 2023ல ஜடேஜா கடைசி ரெண்டு பால்ல சிக்ஸும் ஃபோரும் அடிச்சார். ஒண்ணு மிஸ் ஆகியிருந்தா 4-6. அதுக்கும் ஒரு தத்துவம் ரெடியா இருந்திருக்கும்.

அந்த 2023 ஃபைனலையே பாருங்க. ரிசர்வ் டேக்குத் தள்ளிப்போன மேட்ச். நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் எதிர் டீமுக்கு 96 அடிச்சு 214 ஏத்தி வச்சிருந்தான். மறுபடி மழை வந்து 15 ஓவர்ல 171 ஆச்சு. குஜராத் லீக்ல 20 பாயிண்ட், நாம 17. வானிலை, டக்வொர்த் லூயிஸ், கடைசி ரெண்டு பால். நான் அன்னிக்கு அடையாறு வீட்ல சோபா மேல ஏறிக் குதிச்சேன், ஒத்துக்கிறேன். மணி ஒண்ணரை தாண்டிடுச்சு, கீழ் வீட்டு மாமி மறுநாள் பேசல. ஆனா குதிச்சதாலே அது சாட்சி ஆயிடாது.

அப்போ சிஎஸ்கே பெரிய டீம் இல்லையா? ஐயா, சிஎஸ்கேதான் பெரிய டீம். ஆனா காரணத்தைத் தப்பா சொல்றீங்க. ஆடின 16 சீசன்ல 12 தடவை கடைசி நாலுக்குள்ள வந்திருக்கோம். முதல் எட்டு வருஷம் ஒரு தடவைகூட தவறல. இந்த ஊர்ல யாரும் 12 என்று டீ-ஷர்ட் போடமாட்டான், எல்லாரும் 5 என்றுதான் போடுவான். கடின உழைப்பு 12ல இருக்கு. சேப்பாக்கத்து பிட்ச்சுக்கு ஏத்த சுழல், வயசான ஆளுங்களை நம்பி வச்சுக்கிட்டது, தோத்தாலும் அடுத்த மேட்சுக்கு டீமைக் கலைக்காம இருந்தது, இதெல்லாம் ஏப்ரல், மே வெயில்ல லீக் மேட்ச்ல வேலை செஞ்ச விஷயங்கள். அதைக் "கப் அடிக்கிற ஜீன்" என்று சுருக்கிட்டோம்.

ஒரு இடத்துல நான் விட்டுக்கொடுக்கணும். 12 ப்ளேஆஃப்ல 10 ஃபைனல் என்பது டாஸ் கணக்குல வர்ற ஏழு சொச்சத்தைவிட அதிகம். அதுல ஏதோ இருக்கலாம். பலமான டீம்னாலே பாதிக்கு மேல ஜெயிக்கும், அதுவே காரணமா இருக்கலாம். இதுக்கு மேல நான் இறங்கமாட்டேன்.

2010ஐ எடுத்துக்கோங்க. நம்ம முதல் கப். லீக்ல ஜெயிச்சது 7, தோத்தது 7. நாம, ஆர்சிபி, டெல்லி, கொல்கத்தா, நாலு டீமும் 14 பாயிண்ட். நெட் ரன் ரேட்ல ரெண்டு பேர் உள்ள, ரெண்டு பேர் வீட்டுக்கு. தர்மசாலாவுல இர்ஃபான் பதான் ஓவர்ல தோனி ரெண்டு சிக்ஸ் அடிச்சு, ஹெல்மெட்ல குத்து விட்டாரே, அந்த ரெண்டுல ஒண்ணு பவுண்டரில கேட்ச் ஆகியிருந்தா? இத்தனை வருஷமா அந்த வீடியோ ஃபார்வேர்டு ஆகியிருக்காது. அந்த வருஷம் 20 பாயிண்டோட டேபிள் டாப் மும்பை. அவங்களை ஃபைனல்ல 22 ரன்ல ஜெயிச்சோம். சந்தோஷம். ஆனா "2010ல இந்தியாவுலயே சிறந்த டி20 டீம் யாரு"ன்னு என்னை கோர்ட்ல சத்தியம் வாங்கிக் கேட்டா, நான் வாயைத் திறக்கமாட்டேன்.

2012ல நாலாவது. ஆர்சிபியும் நாமளும் 17. ஆர்சிபி கடைசி மேட்சை டெக்கான்கிட்ட தோத்ததாலே உள்ள வந்தோம், ஃபைனல் வரைக்கும் போயிட்டோம். 2024ல அதே கதை தலைகீழா. பெங்களூர்ல கடைசி மேட்ச், 201 எடுத்தா உள்ள, எடுத்தது 191. ரெண்டு பேரும் 14 பாயிண்ட், ஆர்சிபி உள்ள. அப்போ இதே ஆளுங்கதான் "நெட் ரன் ரேட் ஒரு அநியாயமான சிஸ்டம்" என்று எழுதினாங்க. 2010ல அந்த சிஸ்டம் தெய்வம்.

தோத்தவங்க பக்கம் கொஞ்சம் பாருங்க. டெல்லி 2009, 2012, 2021 மூணு தடவை டேபிள் டாப். ஒரு கப் இல்ல. பஞ்சாப் 2014லயும் 2025லயும் டாப். கப் இல்ல. 2016ல முதலிடம் பிடிச்சது யாரு, கூகிள் பண்ணாம சொல்லுங்க. குஜராத் லயன்ஸ். ரெண்டே வருஷம் இருந்த டீம். அவங்க டாப் பண்ணதுக்கு எந்த அலமாரிலயும் ஒரு சாமான் கிடையாது. நாம 2023 கப்பை தி.நகர் வெங்கட்நாராயணா ரோடு பெருமாள் கோயிலுக்கு எடுத்துட்டுப் போய் பூஜை போட்டோம். லீக்ல முதல்ல வந்தவன் எதை எடுத்துட்டுப் போய் பூஜை போடுவான்? டேபிளைப் பிரிண்ட் எடுத்தா?

"நாக்கவுட்னா அப்படித்தான் சார், எல்லா ஸ்போர்ட்லயும் இப்படித்தான்." இல்ல. ஃபுட்பால் பிரீமியர் லீக்ல 38 மேட்ச், டேபிள்ல முதல்ல வந்தவன் சாம்பியன், கதை முடிஞ்சுது. 2016ல லெஸ்டர் ஜெயிச்சதை யாரும் அதிர்ஷ்டம்னு சொல்லி ஒதுக்கமுடியல, ஏன்னா பத்து பாயிண்ட் முன்னால முடிச்சாங்க.

அமெரிக்கா, கனடாவுல ஐஸ் ஹாக்கி லீக் இருக்கு, என்ஹெச்எல். 82 மேட்ச் லீக், அதுக்கப்புறம் ப்ளேஆஃப். அங்கேயும் இதே சண்டைதான் ஓடுது. 2022-23 சீசன்ல பாஸ்டன் 65 மேட்ச் ஜெயிச்சு 135 பாயிண்ட், லீக் வரலாற்றுலயே அதிகம். முதல் ரவுண்ட்ல, அந்தப் பக்கம் கடைசி ஆளா உள்ள வந்த ஃப்ளோரிடாகிட்ட, 3-1 முன்னால இருந்து 4-3னு தோத்து வீட்டுக்குப் போனாங்க. ஒரு மேட்ச் இல்ல, ஏழு மேட்ச் தொடர். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 62 மேட்ச் ஜெயிச்ச டாம்பா பே முதல் ரவுண்ட்ல ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல.

ஆனா அங்க ஒரு நாகரிகம் இருக்கு. லீக்ல முதல்ல வர்ற டீமுக்கு பிரசிடெண்ட்ஸ் ட்ராஃபின்னு ஒரு தனிக் கோப்பை, 1986லேர்ந்து. 2025 வரைக்கும் 39 தடவை கொடுத்திருக்காங்க. அதுல ப்ளேஆஃப் கோப்பையையும் சேர்த்து அடிச்சவங்க 8 பேர். அஞ்சுல ஒருத்தர். 16 டீம் ப்ளேஆஃப்ல டாஸ் போட்டா ரெண்டு, மூணு பேர்தான் வந்திருக்கணும். அதாவது லீக் டேபிள் பொய் சொல்லல, நெசமாவே பலமான டீமைத்தான் காட்டுது. ஆனா பலமான டீமுக்கே அஞ்சுல ஒரு வாய்ப்புதான். ரெண்டு உண்மையையும் ஒரே நேரத்துல மண்டையில வச்சுக்கிறதுக்கு என்ன கஷ்டம்?

அமெரிக்கா வரைக்கும் ஏன் போகணும், நம்ம நேரு ஸ்டேடியத்துக்கே வாங்க. 2017-18 ஐஎஸ்எல். பெங்களூரு 18 மேட்ச்ல 40 பாயிண்ட். நம்ம சென்னையின் எஃப்சி 32, ரெண்டாவது. எட்டு பாயிண்ட் இடைவெளி! ஃபைனல் அவங்க ஊர்ல, சேத்ரி முதல் கோல் போட்டும் நாம 3-2 ஜெயிச்சோம். சாம்பியன் நாம. எட்டு பாயிண்ட் முன்னால இருந்தவனுக்கு ஒரு டம்ளர்கூட கிடைக்கல. 2019-20லேர்ந்து லீக் டாப்பருக்கு ஷீல்டு கொடுக்க ஆரம்பிச்சாங்க, ஆசிய கிளப் போட்டிக்கு இடமும் அதுக்குத்தான். அந்த முதல் வருஷம் ஷீல்டு கோவாவுக்கு, கப் ஏடிகேவுக்கு. யாராவது செத்துட்டாங்களா? மோகன் பகான் 2024-25ல ரெண்டையும் அடிச்சப்போ அதுக்கு ஒரு தனி மரியாதையே வந்துது.

ஐபிஎல்ல இவ்வளவு காசு புரளுது. ஆரஞ்சு தொப்பி, ஊதா தொப்பி, பெரிய சிக்ஸ் அடிச்சவனுக்கு ஒரு செக், கேட்ச் பிடிச்சவனுக்கு ஒரு செக். 14 மேட்ச் ஆடி முதல்ல வந்தவனுக்கு ஒரு ஷீல்டு கொடுக்க முடியாதா? கொடுத்தா ஃபைனல் மதிப்பு குறையும்னு சொல்றாங்க. ஒண்ணும் குறையாது. ஃபைனல் திருவிழா. அறுபத்து மூவர் அன்னிக்கு மாட வீதில நிக்க இடம் இருக்காது, அதுக்காக மத்த நாள்ல கபாலி கோயில் மூடியா கிடக்குது?

"அப்போ 2023 நவம்பர் 19ல இந்தியா தோத்தது வெறும் துரதிர்ஷ்டமா?" பத்து மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சு பதினொண்ணாவது தோத்த டீம். ஆஸ்திரேலியா அன்னிக்கு நல்லா ஆடினாங்க, கப் அவங்களுக்குத்தான், அதுல தகராறு இல்ல. "இந்த டீமுக்கு நெஞ்சுல தில் இல்ல" என்று மறுநாள் காலைல பேசினதுதான் தப்பு. பத்து மேட்ச்ல இருந்த தில் ஒரே ராத்திரில எங்க போகும்?

இதை ஏன் ஒரு டாக்டர் இவ்வளவு கத்தறான்னு கேக்கறீங்க. எங்க தொழில்லயும் இதே நோய்தான். பல வருஷம் முன்னாடி நான் இருந்த ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) ஒரு ஜூனியர். வருஷம் பூரா வார்டுல அவ பாத்த கேஸ்ல குறை சொல்ல ஒண்ணு கிடையாது. ஒரு ராத்திரி ஒரு பேஷண்ட் இறந்துட்டார். செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சிருந்தா, நான் கேஸ் ஷீட்டை வரி வரியா படிச்சேன். ஆனா மறுநாளிலேர்ந்து அவ "அந்த கேஸ் டாக்டர்". அதே வார்டுல அவசரக் குடுக்கையா தப்பு மருந்து எழுதி, பேஷண்ட் ஆயுசு கெட்டியா இருந்ததாலே பிழைச்சுக்கிட்ட இன்னொருத்தர் "கைராசிக்காரர்". அவருக்கு க்ளினிக்ல இன்னிக்கும் கூட்டம். அவ தொழிலை விட்டுட்டு கோடிங் படிக்கப் போயிட்டா.

2025 சீசன்ல நாம 14 மேட்ச்ல 4 ஜெயிச்சு, முதல் தடவையா டேபிள்ல கடைசி. அதுக்குக் காரணம் ஒரு கேட்ச்சோ, ஒரு நோ-பாலோ, மழையோ கிடையாது. பதினாலு மேட்ச் சேர்ந்து சொன்ன பதில் அது. பவர்ப்ளேல ரன் வரல, ஏலத்துல தப்பு, வயசு. அந்த ரிப்போர்ட்டைத்தான் உக்காந்து படிக்கணும். அதை விட்டுட்டு "ப்ளேஆஃப் மட்டும் வந்திருந்தா நாமதான் கப்" என்று எழுதறவங்களைப் பாத்தா, எனக்கு அந்தக் கட்டை விரல்தான் ஞாபகம் வருது.

பெரியவர் கதை கேப்பீங்க. புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டாச்சு, காலுக்கு ரத்த ஓட்டம் பாக்க எழுதிக் கொடுத்தாச்சு, ராத்திரி மாத்திரை மறுபடி ஆரம்பம். தினமும் சாப்பிடறதை ஒரு நோட்ல எழுதச் சொல்லியிருக்கேன். "பதினாலு மேட்சும் எழுதணுமா டாக்டர்?" என்று கேட்டார். தொண்ணூறு, சார்.

கமெண்ட்ல வெறுமனே "7" போட்டுட்டுப் போறவங்களுக்கு பதில் கிடையாது. 2013 ஃபைனல் ஸ்கோர்கார்டோட வாங்க, பேசலாம். காலைல எட்டு மணிக்கு ஓ.பி. இருக்கு, படுக்கப் போறேன்.